மின்புலம் நிஜமா, வெறும் கணக்கா?

ஒரு கிராம் ஹைட்ரஜன் எடுத்து, அதுல இருக்கிற எலக்ட்ரானை எல்லாம் பிரிச்சு வட துருவத்துல வெச்சாச்சு, புரோட்டானை எல்லாம் தென் துருவத்துல வெச்சாச்சுன்னு வைங்க. நடுவுல சுமார் 12,700 கிலோமீட்டர். குறுக்க பூமி இருக்கிறதை விட்டுட்டு, ரெண்டு சார்ஜுக்கு நடுவுல விசை எவ்வளவுன்னு சொல்ற கூலும் விதியை மட்டும் போட்டுப் பாத்தா, அந்த ரெண்டு குவியலும் ஒண்ணை ஒண்ணு இழுக்கிற விசை 5 லட்சம் நியூட்டனுக்கு மேல வருது, அதாவது 50 டன்னுக்கு மேல எடை. வெறும் ஒரு கிராமுக்கு. ஈர்ப்பு விசையோட ஒப்பிட்டா இன்னும் பயங்கரம், ஒரு எலக்ட்ரானுக்கும் ஒரு புரோட்டானுக்கும் நடுவுல மின்விசை ஈர்ப்பை விட 2 × 10³⁹ மடங்கு பெரிசு.

இவ்வளவு முரட்டு விசை சுத்தி எல்லா பக்கமும் இருந்தும் நமக்குத் தெரியாம இருக்கிறதுக்கு காரணம், பாசிட்டிவும் நெகட்டிவும் கிட்டத்தட்ட துல்லியமா சமமா இருந்து ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிறதுதான். மேசை மேல கை வெச்சா கை உள்ள போகாம நிக்குது, உப்பு தண்ணில கரையுது, இரும்பு உறுதியா இருக்கு, இதெல்லாம் அந்த அடிச்சுக்கிட்டது போக மிச்சம் இருக்கிற கொசுறு விசையும் அதுக்கு மேல சில குவாண்டம் விதிகளும் சேந்து பண்ற வேலை. ஆனா இந்த விசை ஒரு சார்ஜ்ல இருந்து இன்னொரு சார்ஜுக்கு எப்படிப் போகுது, நடுவுல வெறும் வெளிதானே இருக்குன்னு கேட்டா, பள்ளிக்கூடத்துல "மின்புலம்"னு ஒரு பதிலை சொல்லி, அம்புக்குறி போட்ட கோடு நாலு வரைஞ்சு காட்டி முடிச்சுடுவாங்க. அந்தக் கோடு நிஜமா அங்க இருக்கிற ஒரு விஷயமா, இல்ல கணக்கு போட வசதிக்கு நாம வரைஞ்சதா? இந்தக் கேள்விக்கு 18-ம் நூற்றாண்டுல ஒரு பதில், 19-ல இன்னொண்ணு, 20-ல மூணாவது ஒண்ணு. அந்தப் பதில் மாற மாற சார்ஜ்ன்னா என்னங்கிறதும் கூடவே மாறிக்கிட்டு வந்துச்சு.

முதல்ல கூலும். 1785-ல மெல்லிசான கம்பில ஒரு கோலைத் தொங்க விட்டு, அது எவ்வளவு முறுக்குதுன்னு பாத்து, ரெண்டு சார்ஜுக்கு நடுவுல விசை தூரத்தோட இருமடிக்கு எதிர்விகிதத்துல குறையுதுன்னு சொன்னாரு. தூரம் ரெண்டு மடங்கானா விசை நாலுல ஒரு பங்கு. பாடப்புத்தகம் இதோட நிறுத்திக்கும், ஆனா எனக்குப் பிடிச்சது இதுக்கு பத்து வருஷத்துக்கும் முன்னாடியே கேவண்டிஷ் சத்தமில்லாம பண்ணி வெச்ச பரிசோதனைதான். அவர் விசையை அளக்கவே இல்ல. ஒரு உலோக உருண்டை, அதை முழுசா மூடுற மாதிரி ரெண்டு அரைக்கோளம், உள்ளயும் வெளியயும் ஒரு கம்பியால இணைச்சுட்டு வெளிக் கோளத்துக்கு சார்ஜ் குடுத்தாரு. அப்புறம் கம்பியை எடுத்துட்டு, அரைக்கோளங்களைப் பிரிச்சுட்டு, உள்ள இருக்கிற உருண்டைல ஏதாவது சார்ஜ் இருக்கான்னு பாத்தாரு. ஒண்ணும் இல்ல. இருமடி எதிர்விகிதம் துல்லியமா உண்மையா இருந்தா மட்டும்தான் உள்ளே பூஜ்யம் வரும், தூரத்தோட அடுக்கு 2-ல இருந்து கொஞ்சம் விலகினாலும் உள் உருண்டைல ஏதோ மிஞ்சும். அவரோட கருவி எவ்வளவு சின்ன சார்ஜைக் கண்டுபிடிக்கும்னு கணக்குப் போட்டு, அடுக்கு 2-ல இருந்து ஐம்பதுல ஒரு பங்குக்கு மேல விலகி இருக்க முடியாதுன்னு எழுதி வெச்சாரு. எழுதினதை வெளியிடல. மாக்ஸ்வெல் அந்தக் காகிதங்களை எல்லாம் தொகுத்து 1879-ல வெளியிட்ட பிறகுதான் உலகத்துக்கே தெரிஞ்சது. இந்த உருண்டையை ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசில குவாண்டம் பக்கம் போகும்போது இதே உருண்டை வேற ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்.

கூலும் காலத்துல புலம்னு ஒண்ணு தேவையே படல. இங்க ஒரு சார்ஜ், அங்க ஒரு சார்ஜ், நடுவுல தூரம், ஃபார்முலால போட்டா விசை வந்துடும், அவ்வளவுதான். ஃபாரடே வந்துதான் இல்ல இல்ல, நடுவுல இருக்கிற இடத்துலயே ஏதோ நடக்குதுன்னு அடம் பிடிச்சாரு. அவருக்கு கணிதம் அவ்வளவா வராது, அதனால கோடு கோடா யோசிச்சாரு, விசைக்கோடு ரப்பர் மாதிரி நீளவாட்டுல இழுக்குது, பக்கவாட்டுல ஒண்ணை ஒண்ணு தள்ளுதுன்னு. கணிதம் படிச்சவங்க பலர் இதை ஒரு பொருட்டா எடுத்துக்கல. மாக்ஸ்வெல் எடுத்துக்கிட்டாரு, அதை சமன்பாடா மாத்தி 1865-ல வெளியிட்டப்போ, மின்புலமும் காந்தப்புலமும் ஒண்ணை ஒண்ணு தூண்டிக்கிட்டு அலையா போகும், அந்த அலையோட வேகம் ஒளியோட வேகம்னு வந்து நின்னுச்சு. 1887, 88-ல ஹெர்ட்ஸ் அந்த அலையை லேப்ல உண்டாக்கியே காட்டிட்டாரு.

புலம் நிஜம்னு நம்புறதுக்கு என்னைப் பொறுத்தவரை அலையை விட வலுவான வாதம் ஒண்ணு இருக்கு. நிலாவுல ஒரு சார்ஜ், பூமில ஒரு சார்ஜ். நிலாவுல இருக்கிறதை திடீர்னு ஆட்டுறீங்க. பூமில இருக்கிறதுக்கு அந்த செய்தி வர 1.28 வினாடி ஆகும், அதுக்கு முன்னாடி அதுக்கு ஒண்ணுமே தெரியாது, பழைய இடத்துல சார்ஜ் இருக்கிற மாதிரியே விசையை உணர்ந்துக்கிட்டு இருக்கும். இப்போ நியூட்டனோட மூணாம் விதி என்னாச்சு? ஒரு பக்கம் விசை மாறிடுச்சு, மறுபக்கம் இன்னும் மாறல, ரெண்டு சார்ஜோட உந்தத்தை மட்டும் கூட்டினா கணக்கு உதைக்கும். அந்த 1.28 வினாடிக்கு உந்தம் எங்க போச்சு? புலத்துல இருக்கு, வேற வழியே இல்ல. ஆற்றலும் உந்தமும் தூக்கிட்டுப் போற ஒண்ணை வெறும் கற்பனைக் கோடுன்னு எப்படி சொல்ல முடியும்? அதோட 18-ம் நூற்றாண்டு பதில் முடிஞ்சு போச்சு.

இதை ஒரு சாதாரண செம்புக் கம்பில வெச்சுப் பாத்தா இன்னும் நல்லா பிடிபடும். 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பு, 1 ஆம்பியர் கரண்ட். செம்புல ஒரு கன மீட்டருக்கு சுமார் 8.5 × 10²⁸ எலக்ட்ரான் நகரத் தயாரா இருக்கு, அந்தக் கணக்குல எலக்ட்ரான் சராசரியா நகர்ற வேகம் வினாடிக்கு 0.07 மில்லிமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு ஒரு சாண் தூரம் சொச்சம். சுவிட்சு போட்ட உடனே விளக்கு எரியுதே எப்படின்னா, எலக்ட்ரான் ஓடி வந்து எரிய வைக்கல, சுவிட்சு மூடினதும் கம்பியோட மேற்பரப்புல சார்ஜ் லேசா அங்கங்க கூடி குறைஞ்சு புதுசா ஒழுங்காகுது, அந்த மாற்றம் ஒளி வேகத்தை ஒட்டின வேகத்துல பரவுது, அது கம்பி நெடுக உள்ள ஒரு சின்ன புலத்தை உண்டாக்குது, எல்லா எலக்ட்ரானும் அங்கங்க இருந்த இடத்துலயே மெதுவா நகர ஆரம்பிக்குது. அந்தப் புலம் எவ்வளவு சின்னதுன்னா இந்தக் கம்பிக்கு மீட்டருக்கு 0.017 வோல்ட். ஆற்றல் போற வழியைப் பாத்தா இன்னும் வேடிக்கை, 1884-ல பாயின்டிங் காட்டின கணக்குப்படி ஆற்றல் கம்பிக்குள்ள ஓடல, கம்பிக்கு வெளிய இருக்கிற மின்புலமும் காந்தப்புலமும் சேந்துதான் அதை எடுத்துட்டுப் போகுது, கம்பி அதுக்கு ஒரு தண்டவாளம் மட்டும். இதைச் சொன்னா பலருக்கு கோபம் வரும், எலக்ட்ரான்தானே எல்லாம் பண்ணுதுன்னு சண்டைக்கு வருவாங்க. மேற்பரப்பு சார்ஜ் இல்லாம புலம் இல்ல, புலம் இல்லாம சார்ஜ் நகராது, ரெண்டுல எது முதலாளின்னு கேக்கிறதே இங்க வீண்.

சரி, மாக்ஸ்வெல்லோட எல்லாம் முடிஞ்சதான்னா இல்ல, இங்கதான் கிளாசிக்கல் இயற்பியல் மூணு இடத்துல வசமா மாட்டிக்குது.

முதல் இடம் 1842-லயே தெரிஞ்சது. எர்ன்ஷாங்கிறவர் ஒரு தேற்றம் நிரூபிச்சாரு: சார்ஜ்களை எப்படி அடுக்கி வெச்சாலும், மின்விசையை மட்டும் நம்பி அதுங்க அசையாம உறுதியா நிக்கவே நிக்காது. ஏதாவது ஒரு பக்கம் லேசா தட்டினா அப்படியே சரிஞ்சு போயிடும். அப்போ பாசிட்டிவும் நெகட்டிவும் சேந்து செஞ்ச பொருள் எதுவுமே நிலையா இருக்கக் கூடாது. சரி நிக்க வேண்டாம், சுத்தட்டும்னு பாத்தா ரெண்டாவது மாட்டல். 1911-ல ரூதர்ஃபோர்டு அணுவோட நடுவுல ஒரு சின்ன கரு இருக்குன்னு சொன்னதும், அதைச் சுத்தி எலக்ட்ரான் கோள் மாதிரி சுத்துதுன்னு வெச்சுக்கலாம்னு தோணும். ஆனா வளைஞ்சு சுத்துற சார்ஜ் முடுக்கத்துல இருக்கு, முடுக்கத்துல இருக்கிற சார்ஜ் அலையை உமிழும், ஆற்றல் குறையும், கருவை நோக்கி சுருண்டு விழும். ஹைட்ரஜனுக்குக் கணக்குப் போட்டா விழ ஆகிற நேரம் 1.6 × 10⁻¹¹ வினாடி. மாக்ஸ்வெல் சொல்றபடி பாத்தா பிரபஞ்சத்துல ஒரு அணு கூட மிச்சம் இருக்கக் கூடாது.

மூணாவது மாட்டல் அவ்வளவு பிரபலம் இல்ல, ஆனா அதுதான் ரொம்ப ஆழமானது. புலத்துல ஆற்றல் இருக்குன்னு ஒத்துக்கிட்டோம் இல்லையா, அப்போ ஒரு தனி எலக்ட்ரானைச் சுத்தி இருக்கிற அதோட சொந்தப் புலத்துல எவ்வளவு ஆற்றல் இருக்கு? எலக்ட்ரான் ஒரு புள்ளின்னா பதில் முடிவிலி. கிட்ட போகப் போக புலம் ஏறிக்கிட்டே போகுது, கூட்டினா அடங்காது. புள்ளி இல்ல, ஒரு சின்ன உருண்டைன்னு வெச்சு, அந்த ஆற்றல்தான் எலக்ட்ரானோட நிறைன்னு சொன்னா ஆரம் சுமார் 2.8 × 10⁻¹⁵ மீட்டர்னு வருது. ஆனா மோதல் பரிசோதனைகள்ல 10⁻¹⁸ மீட்டர் வரைக்கும் கிட்ட போய்ப் பாத்தாச்சு, எலக்ட்ரானுக்கு அளவுன்னு ஒண்ணு தட்டுப்படவே இல்ல. புலம் நிஜம்னு சொன்னதுக்கு புலமே போட்ட அபராதம் இது.

முதல் ரெண்டையும் குவாண்டம் இயக்கவியல் ஒரே அடில தீர்த்துடுச்சு. 1913-ல நீல்ஸ் போர்ங்கிறவர் ஒரு அவசர வைத்தியம் பண்ணாரு, 1926-ல ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்தப்புறம் காரணம் தெளிவாச்சு. எலக்ட்ரானை ஒரு சின்ன இடத்துல அடைக்க அடைக்க அதோட உந்தத்துல நிச்சயமின்மை ஏறும், உந்தம் ஏறினா இயக்க ஆற்றல் ஏறும், அதுவும் தூரத்தோட இருமடிக்கு எதிர்விகிதத்துல. கரு இழுக்கிறதால குறையற ஆற்றலோ தூரத்துக்கு வெறும் எதிர்விகிதம்தான். அதனால எலக்ட்ரான் கரு கிட்ட போகப் போக ஒரு கட்டத்துல இழுவையால கிடைக்கிற லாபத்தை விட அடைபட்டதுக்கு குடுக்கிற விலை அதிகமாயிடுது. ரெண்டும் சமாதானமாகிற இடம் 0.53 × 10⁻¹⁰ மீட்டர், அங்க ஆற்றல் மைனஸ் 13.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவுல ஆற்றலை அளக்கிற அலகு), பரிசோதனைல அளந்ததும் அதேதான். அந்த தூரத்துல புரோட்டானோட மின்புலம் மீட்டருக்கு 5 × 10¹¹ வோல்ட். வறண்ட காத்து தாக்குப் பிடிக்காம தீப்பொறி விடுறதே 30 லட்சம் வோல்ட்லதான், மேல சொன்ன செம்புக் கம்பில 0.017, அதோட இதை வெச்சுப் பாருங்க.

இங்க ஒரு குழப்பத்தை நிறுத்தி சொல்லிட்டுப் போகணும். எலக்ட்ரான் மேகம்னு படம் போடுறாங்க இல்லையா, அதைப் பாத்துட்டு எலக்ட்ரானோட சார்ஜ் மெய்யாலுமே பொடி தூவின மாதிரி பரவிக் கிடக்குதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஷ்ரோடிங்கரே ஆரம்பத்துல அப்படித்தான் நினைச்சாரு. அப்படி பரவி இருந்தா ஒரு பக்கத்து மேகம் இன்னொரு பக்கத்து மேகத்தைத் தள்ளணும், அந்தத் தள்ளலோட ஆற்றலையும் கணக்குல சேத்தா 13.6 வராது, வேற எண் வரும். ஹைட்ரஜன் சமன்பாட்டுல எலக்ட்ரான் தன்னைத் தானே தள்ளிக்கிறதுங்கிற உறுப்பே கிடையாது. அந்த மேகம் எலக்ட்ரானைத் தேடினா எங்க எவ்வளவு வாய்ப்புல கிடைக்கும்ங்கிறது, கிடைக்கும்போது முழு எலக்ட்ரானாத்தான் கிடைக்கும், அரை சார்ஜ் அங்க அரை சார்ஜ் இங்கன்னு கிடைக்கவே கிடைக்காது. ஆனா வேடிக்கை பாருங்க, மூலக்கூறுல ஒரு கருவுக்கு மேல வர்ற விசையைக் கணக்குப் போடணும்னா, அதே மேகத்தை சாதாரண சார்ஜ் பரவல் மாதிரி பாவிச்சு கூலும் விதியைப் போட்டா சரியான விடை வருது. ஃபைன்மன் 1939-ல, படிக்கிற காலத்துலயே, இதை எழுதினாரு, ஹெல்மான் அதுக்குக் கொஞ்சம் முன்னாடி. குவாண்டம் வந்ததால கூலும் செத்துப் போகல, எங்க எதைப் போட்டு எடுக்கணும்ங்கிறதுதான் மாறினது.

அதே மாதிரி உலோகம். கடத்திக்குள்ள நிலைமின் புலம் பூஜ்யம், சார்ஜ் எல்லாம் மேற்பரப்புல போய் உக்காந்துக்கும்னு படிச்சிருப்போம். கிளாசிக்கல் படி அந்த மேற்பரப்புக்கு தடிமனே இல்ல. நிஜத்துல எலக்ட்ரான் அலைங்கிறதாலயும் ஒரே நிலைல ரெண்டு எலக்ட்ரான் இருக்கக் கூடாதுன்னு பௌலி விதி தடுக்கிறதாலயும் அந்த அடுக்கு கிட்டத்தட்ட ஒரு அணு அளவுக்குப் பரவுது. செம்புக்குள்ள எலக்ட்ரான்கள் சும்மா இருக்கும்போதே வினாடிக்கு 1,600 கிலோமீட்டர் வரைக்கும் வேகத்துல எல்லா திசைலயும் பறந்துக்கிட்டு இருக்கு, இதுவும் பௌலி விதியால வர்ற வேகம், சூட்டால வர்றது இல்ல. அதுக்கு மேலதான் நம்ம 0.07 மில்லிமீட்டர் நகர்வு ஒட்டிக்கிட்டு வருது.

இது வரைக்கும் எலக்ட்ரானை மட்டும்தான் குவாண்டம் ஆக்கினோம், புலத்தை பழைய மாக்ஸ்வெல் புலமாவே விட்டு வெச்சிருக்கோம். அது ஒரு ஓரவஞ்சனை. 1927-ல டிராக் புலத்தையும் குவாண்டம் ஆக்கினாரு. ஒரு துகளோட இடத்தையும் உந்தத்தையும் ஒரே நேரத்துல துல்லியமா சொல்ல முடியாத மாதிரி, ஒரு புலத்தோட மதிப்பையும் அது மாறுற விதத்தையும் ஒரே நேரத்துல துல்லியமா சொல்ல முடியாது. அப்போ வெற்றிடத்துல புலம் பூஜ்யம், மாற்றமும் பூஜ்யம்னு சொல்லவே முடியாம போயிடுது. சராசரி பூஜ்யம்தான், ஆனா ஏற்ற இறக்கம் பூஜ்யம் இல்ல. கிளர்ந்த நிலைல இருக்கிற அணு, யாரும் தொடாமலே ஒளியை விட்டுட்டு கீழ இறங்குதே, அது ஏன்னு டிராக்கோட இந்த வேலைதான் முதல் முதலா கணக்கோட சொன்னது.

இந்த இடத்துல வழக்கமா ஒரு படம் காட்டுவாங்க, படகுல நிக்கிற ரெண்டு பேர் பந்து எறிஞ்சு விளையாடுறாங்க, எறியும்போது பின்னால தள்ளப்படுறாங்க, அதே மாதிரி ரெண்டு சார்ஜும் ஃபோட்டானை, அதாவது மின்காந்தப் புலத்தோட குவாண்டமான ஆற்றல் பொட்டலத்தை, எறிஞ்சுக்குதுன்னு. எனக்கு இந்த உவமை பிடிக்காது. விலக்கு விசைக்கு ஏதோ ஒப்பேத்தலாம், எதிர் சார்ஜ் ஒண்ணை ஒண்ணு இழுக்கிறதுக்கு என்ன சொல்லுவாங்க? பந்து எறிஞ்சு யாரும் கிட்ட வர்றதில்ல. மெய்நிகர் ஃபோட்டான்னு சொல்றது ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டா பிரிச்சு போடும்போது வர்ற உறுப்புகளோட பேரு, எங்கயோ பறந்து போற குட்டித் துகள் கிடையாது. இயற்பியல் படி அங்க இருக்கிறது புலம்தான், ரெண்டு சார்ஜ் பக்கத்துல இருக்கும்போது அந்தப் புலத்தோட மிகக் குறைஞ்ச ஆற்றல் எவ்வளவுன்னு கேட்டா, அது தூரத்தைப் பொறுத்து மாறுது, அந்த மாற்றம்தான் கூலும் விசையா நமக்குத் தெரியுது. இழுக்கிறதும் தள்ளுறதும் ரெண்டுமே அதுல தானா வந்துடும்.

வெற்றிடப் புலம் இப்படி துடிச்சுக்கிட்டு இருக்குங்கிறது சும்மா கணக்கா, இல்ல அளந்து பாக்க முடியுமா? இதுக்குப் பதில் 1947-ல வந்துச்சு. கொலம்பியா பல்கலைக்கழகத்துல லாம்பும் ரெதர்ஃபோர்டும், போர்க்கால ரேடாருக்காக வளந்த மைக்ரோவேவ் தொழில்நுட்பத்தை எடுத்து ஹைட்ரஜன் அணுமேல பிரயோகிச்சாங்க. ஹைட்ரஜனோட ரெண்டாவது மட்டத்துல ரெண்டு நிலை இருக்கு, எலக்ட்ரானை சார்பியலோட சேத்து விவரிக்கிற டிராக் சமன்பாடு படி அந்த ரெண்டுக்கும் ஆற்றல் ஒண்ணேதான், ஒரு மயிரிழை கூட வித்தியாசம் இருக்கக் கூடாது. அளந்து பாத்தா இருக்கு, சுமார் 1,000 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு (ஆற்றல் வித்தியாசத்தை அதுக்கு ஈடான மைக்ரோவேவோட அதிர்வெண்ணா சொல்றது), இன்னைக்கு துல்லியமா சொன்னா 1,057-ஐ ஒட்டி. மொத்த ஆற்றலோட பாத்தா ஒண்ணுமே இல்லாத வித்தியாசம், ஆனா இருக்கக் கூடாத வித்தியாசம். காரணம் என்னன்னா வெற்றிடத்துப் புலத்தோட ஏற்ற இறக்கம் எலக்ட்ரானை லேசா நடுங்க வைக்குது, நடுங்குற எலக்ட்ரானுக்கு கருவோட கூர்மையான புலம் கொஞ்சம் மழுங்கித் தெரியுது, கருவுக்கு மேலயே அதிகம் தங்குற நிலைக்கு இந்த மாற்றம் அதிகம், மத்ததுக்கு கம்மி. அந்த வருஷம் ஷெல்டர் ஐலண்டுல நடந்த மாநாட்டுல இதைக் கேள்விப்பட்ட பேத்தேங்கிற இயற்பியலாளர், திரும்பிப் போற ரயில்லயே கணக்குப் போட்டு 1,040-னு விடை கொண்டு வந்துட்டாரு. முழுக்க சரியான கணக்கு இல்ல அது, முடிவிலிக்குப் போகாம ஒரு இடத்துல கையால வெட்டி விட்ட கணக்கு, ஆனாலும் விடை எவ்வளவு கிட்ட வந்து நிக்குது பாருங்க.

அந்த வெட்டி விடுறதுக்குப் பின்னாடி இருக்கிறதுதான் நம்ம மூணாவது மாட்டல், முடிவிலி ஆற்றல். டோமொனாகா, ஷ்விங்கர், ஃபைன்மன், டைசன் இவங்க எல்லாம் சேந்து அதை எப்படி சமாளிச்சாங்கன்னா, எலக்ட்ரானோட "அம்மணமான" நிறை எவ்வளவு, சார்ஜ் எவ்வளவுன்னு கேக்காதீங்க, அதை யாரும் அளக்கவே முடியாது, புலத்தைப் போத்திக்கிட்டு இருக்கிற எலக்ட்ரானைத்தான் நாம எப்பவும் பாக்கிறோம், அதோட அளந்த நிறை, அளந்த சார்ஜை வெச்சு மத்த எல்லாத்தையும் கணக்குப் போடுங்கன்னு சொன்னாங்க. அப்படிப் போட்டா முடிவிலி எல்லாம் ஒண்ணை ஒண்ணு தின்னுட்டு ஒழுங்கான எண் மிஞ்சுது. டிராக் கடைசி வரைக்கும் இதை ஏத்துக்கல, அசிங்கமான கணக்குன்னே நினைச்சாரு. முதல் மூணு பேருக்கும் 1965-ல நோபல் கிடைச்சது.

இதோட விளைவா சார்ஜ்ங்கிற எண்ணே ஆட்டம் கண்டுச்சு. எலக்ட்ரானைச் சுத்தி இருக்கிற வெற்றிடம் ஒரு மின்காப்புப் பொருள் மாதிரி நடந்துக்குது, அதாவது மின்புலத்துல பாசிட்டிவும் நெகட்டிவும் லேசா ஆளுக்கொரு பக்கம் விலகின மாதிரி ஆகுது, அதனால எலக்ட்ரானோட சார்ஜ் தூரத்துல இருந்து பாத்தா கொஞ்சம் மறைக்கப்பட்டு குறைவாத் தெரியும். கிட்ட போகப் போக அந்த மறைப்பு விலகி சார்ஜ் அதிகமாத் தெரியும். மின்விசையோட வலிமையைக் காட்டுற எண் சாதாரணமா 137-ல ஒரு பங்கு, எலக்ட்ரானையும் அதோட எதிர்த்துகளான பாசிட்ரானையும் 91 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்ல மோத விட்டா 128-ல ஒரு பங்குக்கு கிட்ட ஆயிடுது. புத்தகத்துல அச்சடிச்சிருக்கிற 1.602176634 × 10⁻¹⁹ கூலும், 2019 மே மாசத்துல இருந்து அளக்கவே வேண்டாத, வரையறுக்கப்பட்ட எண்ணாயிடுச்சு, ஆனா அது தூரத்துல இருந்து பாக்கிற சார்ஜுக்கு மட்டும்தான்.

இப்போ கேவண்டிஷ் உருண்டைக்கு வரலாம். மின்புலத்தோட குவாண்டம் ஃபோட்டான்னு சொன்னோம். அதுக்கு நிறை துளியாவது இருந்தா கூலும் விதில தூரம் கூடக் கூட ஒரு கூடுதல் தேய்மானம் சேந்துக்கும், இருமடி எதிர்விகிதம் உடையும், உள் உருண்டைல சார்ஜ் மிஞ்சும். அப்போ உள்ள ஒண்ணும் இல்லங்கிறதுக்கு அர்த்தம் ஃபோட்டானுக்கு நிறை இல்லங்கிறது! கேவண்டிஷ் நூறு வருஷத்துக்கும் மேல முன்னாடியே, ஃபோட்டான்னு ஒரு பேச்சே இல்லாத காலத்துல, அதோட நிறையை எடை போட்டிருக்காரு. 1971-ல வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் மூணு பேரும் அதே யோசனையை ஒண்ணுக்குள்ள ஒண்ணா வெச்ச கூடுகளும் உயர் மின்னழுத்தமும் வெச்சு திரும்பப் பண்ணாங்க, அடுக்கு 2-ல இருந்து 10⁻¹⁶ அளவுக்குள்ள விலகல் எதுவும் இல்ல.

அப்போ சார்ஜ்ன்னாதான் என்ன? குவாண்டம் இயற்பியல் தர்ற பதில் இது: எலக்ட்ரான் ஒரு அலைன்னா அதுக்கு ஒரு கட்டம் இருக்கும், கடிகார முள் மாதிரி சுத்திக்கிட்டு இருக்கிற ஒரு கோணம். மின் அழுத்தம் இருக்கிற இடத்துல அந்த முள் கூடுதலா சுத்தும், எவ்வளவு கூடுதல்ங்கிறதைத் தீர்மானிக்கிற எண்தான் சார்ஜ். நியூட்ரானுக்கு அந்த எண் பூஜ்யம். 1929-ல வைல் இதைத் திருப்பிப் போட்டுக் காட்டினாரு, ஒவ்வொரு இடத்துலயும் அந்த முள்ளோட பூஜ்யத்தை அவங்கவங்க இஷ்டத்துக்கு வெச்சுக்கலாம், இயற்பியல் மாறக் கூடாதுன்னு கேட்டா, இடத்துக்கு இடம் கணக்கை சரி பண்ண ஒரு புலம் கட்டாயம் தேவைப்படுது, அந்தப் புலம் மின்காந்தப் புலமாவே வந்து நிக்குது. சார்ஜ் அழியாம இருக்கிறதும் இந்த சுதந்திரத்தோட விளைவுதான். கூலும் காலத்துல சார்ஜ் ஒரு திரவம், புலம் ஒரு கணக்கு. இப்போ புலம்தான் பொருள், சார்ஜ் ஒரு துகள் அந்தப் புலத்தோட எவ்வளவு இறுக்கமா ஒட்டிக்குதுங்கிற கணக்கு. அப்படியே தலைகீழ்.

ஆனா இந்த அழகான பதில் ஒரு விஷயத்தைத் தொடவே இல்ல. முள் எவ்வளவு வேகமா சுத்தணும்ங்கிறதுக்கு எந்த எண் வேணும்னாலும் இருக்கலாம்தானே, 1, 0.3, 2.718 எதுவா இருந்தாலும் சமன்பாடு குறை சொல்லாது. மில்லிகன் 1909-ல இருந்து எண்ணெய்த் துளியை மின்புலத்துல மிதக்க விட்டு சார்ஜ் எப்பவும் ஒரே அளவோட மடங்காத்தான் வருதுன்னு காட்டினாரு, புரோட்டானுக்குள்ள இருக்கிற குவார்க்குக்கு மூணுல ஒரு பங்கு, மூணுல ரெண்டு பங்குன்னு இருந்தாலும் அதுங்க தனியா வெளிய வர்றதே இல்ல. எலக்ட்ரானோட சார்ஜும் புரோட்டானோட சார்ஜும் அளவுல 10²¹-ல ஒரு பங்குக்குக் கூட வித்தியாசம் இல்லாம பொருந்துது, இத்தனைக்கும் ஒண்ணு புள்ளி, இன்னொண்ணு மூணு குவார்க்கு சேந்த மூட்டை. அந்தப் பொருத்தம் கொஞ்சம் பிசகியிருந்தா முதல்ல சொன்ன அந்த 50 டன் இழுபறி பெரிய பொருள்கள்ல எல்லாம் தலை காட்டியிருக்கும்.

1931-ல டிராக் இதுக்கு ஒரு வழி சொன்னாரு. வட முனை மட்டும், இல்ல தென் முனை மட்டும் இருக்கிற ஒரு தனிக் காந்தமுனை பிரபஞ்சத்துல எங்கயாவது ஒண்ணே ஒண்ணு இருந்தா போதும், அதைச் சுத்தி வர்ற எலக்ட்ரானோட முள் குழப்பம் இல்லாம பழைய இடத்துக்கே திரும்பணும்னா எல்லா சார்ஜும் ஒரே அளவோட மடங்காத்தான் இருக்க முடியும். கணக்குல ஓட்டை இல்ல. ஆளைத்தான் இன்னும் பிடிக்க முடியல, ஐரோப்பாவோட துகள் ஆய்வுக்கூடமான செர்ன்ல மோயிடல்னு ஒரு பரிசோதனையே அதைத் தேடுறதுக்காக வெச்சிருக்காங்க, இது வரைக்கும் ஒண்ணு கூட சிக்கல.